பழைய வீட்டில் கை வைப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வீடு, மனை பற்றி வரும் பக்கங்களைத் தவறாமல் படிக்கிறவள் நான். புது வீடு கட்டுகிறவர்களுக்கு அதில் நிறைய விஷயம் இருக்கிறது. அஸ்திவாரம், கம்பி, தரை, சமையலறை மேடை என்று எல்லாம் வருகிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு பழைய வீடு கையில் இருக்கிறவர் அதை என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை, எழுதினாலும் கடைசியில் "இடித்துவிட்டுக் கட்டுவதே நல்லது" என்றுதான் வந்து நிற்கிறது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு குட்டி ஓட்டு வீடு உண்டு. அதை இடிக்காமல், முடிந்தவரை பழைய பொருட்களைக் கொண்டே திருத்தி, இப்போது அதில்தான் குடியிருக்கிறோம். நடுவில் பெரிய தப்பும் நடந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பழைய வீட்டைத் திருத்தும்போது என்ன பொருள் வாங்குகிறோம் என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, எந்த வேலையை முதலில் செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். முதலில் தண்ணீர். அப்புறம் கூரை. அப்புறம் சன்னலும் காற்றும். மின்சாரமும் சோலாரும் கடைசி. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கூரை ஒழுகும்போதே அதன் மேல் சோலார் பலகையை ஏற்றிவிட்டு "பசுமை வீடு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஏன் இடிக்கக் கூடாது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் விளக்கு எரிவதும் மின்விசிறி சுற்றுவதும் மட்டும் ஆற்றல் செலவு இல்லை. செங்கல்லைச் சூளையில் சுட்டது, மரத்தை அறுத்தது, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வந்தது என்று வீடு எழும்பும்போதே ஏராளமான ஆற்றல் அதற்குள் போய்விட்டது. இடித்தால் அத்தனையும் குப்பை. அதற்குப் பதிலாக எழும் புது வீட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து செலவு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, உலகில் ஆற்றல் பயன்பாட்டாலும் தொழிற்சாலைகளாலும் வெளியாகும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது. சிமென்ட் மட்டும் 7 முதல் 8 சதவீதம். சிமென்ட் தயாரிக்கச் சூளையை 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும் என்பது ஒரு பக்கம், அதைவிட முக்கியமானது, வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல் உடையும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அதனால் சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பாதி குறையாது. இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டின் ஒரு சுவரைக்கூடத் தேவையில்லாமல் உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

2021-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஆன் லகாட்டோன், ழான் பிலிப் வசால் என்ற பிரெஞ்சு இணையர் இதையே தங்கள் கொள்கையாக வைத்திருக்கிறார்கள், எதையும் இடிப்பதில்லை, இருப்பதோடு சேர்ப்பதுதான். பிரான்ஸின் போர்தோ நகரில் 530 குடியிருப்புகள் கொண்ட மூன்று பழைய அடுக்குமாடிகளை, உள்ளே குடியிருந்தவர்களை வெளியேற்றாமலே, வெளிப்பக்கமாகக் கண்ணாடி முற்றங்களைச் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தையே ஆட்களோடு திருத்த முடியும் என்றால் ஒரு ஓட்டு வீட்டைத் திருத்த முடியாதா?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் தப்பு நடந்த இடம்.

வீட்டுச் சுவர் செங்கல், சுண்ணாம்புக் காரையில் கட்டியது, பூச்சும் சுண்ணாம்புதான். கீழே இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு அங்கங்கே பொரிந்து போயிருந்தது. வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் பார்த்த உடனே சொன்னார், "பழைய பூச்சைக் கொத்திவிட்டு நல்ல சிமென்ட் பூச்சு அடித்து, மேலே தண்ணீர் புகாத பெயின்ட் அடித்துவிட்டால் முடிந்தது." நாங்களும் தலையாட்டினோம். முதல் வருடம் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாம் வருடம் ஓதம் இரண்டடியில் இல்லை, நான்கடிக்கு ஏறிவிட்டது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சுவரைத் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டுகிற சத்தம். ஒரு நாள் மதியம், யாரும் தொடாமலே, கதவளவு பூச்சு பாளமாகக் கழன்று தரையில் விழுந்தது. அது நின்ற இடத்தில் செங்கல் முகம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. இத்தனை வருடம் உறுதியாக நின்ற செங்கல் இரண்டே வருடத்தில் அப்படி ஆனதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாகக் காற்றில் காய்ந்து போய்விடும், அப்படித்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டோம். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறியது, கூடவே உப்பையும் ஏற்றியது, உப்பு படிகமாகி வீங்கிச் செங்கல்லையே உடைத்தது. போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். அதற்கு முன் மனிதன் கட்டிய சுவர்கள் பெரும்பாலும் மண்ணிலும் சுண்ணாம்பிலும்தான் நின்றன, அதற்குப் பின்னும் வெகுகாலம் அப்படியே கட்டினார்கள். அந்தச் சுவர்களுக்குச் சிமென்ட் கடினமான, மூச்சுவிடாத சட்டை.

மறுபடியும் எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். சுவரைப் பல மாதம் அம்மணமாகக் காயவிட்டோம். பூசுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. வெளித்தரை வருடா வருடம் மண் போட்டு மேடாகி, உள்தரையைவிட உயர்ந்து போயிருந்தது. மேட்டை வெட்டி, சுவரை விட்டு வெளிப்பக்கம் சரிவாக்கி, கூரை விளிம்பில் தகரத் தூம்பு மாட்டித் தண்ணீரை ஒரு தொட்டிக்குத் திருப்பினோம். பாதி ஓதம் அதிலேயே போனது. அப்புறம்தான் நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கண்டுபிடிப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. வயதான ஒருவர் கிடைத்தார், அவரிடம் இளம் கொத்தனார்கள் இரண்டு பேர் கூட நின்று கற்றுக்கொண்டார்கள், அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சுண்ணாம்புக்குச் சுமார் 900 டிகிரி சூடு போதும், அதோடு அது சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. அவசரப்பட முடியாது, ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக அடித்து, வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டு, நாள்கணக்கில் காத்திருந்துதான் அடுத்த பூச்சு. ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை என்று இருக்கத் தெரியாதவர்கள் பழைய வீட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கோபமாகச் சொல்லவில்லை, எங்கள் சுவரை நினைத்துச் சொல்கிறேன்.

அடுத்து கூரை. ஒற்றைத் தள வீட்டில் வெயில் நேரத்தில் சூடு அதிகம் இறங்குவதும் கூரை வழியாகத்தான், குளிர் ஊரில் வீட்டுக்குள் இருக்கிற சூடு பெருமளவு தப்பிப் போவதும் கூரை வழியாகத்தான். அதனால் கையில் இருக்கிற பணத்தை எங்கே போடுவது என்ற குழப்பமே வேண்டாம். எங்கள் கூரையிலிருந்து ஓடுகளை உடைக்காமல் ஒவ்வொன்றாக இறக்கி, தேய்த்துக் கழுவி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்துப் பிரித்தோம். "டிங்" என்று கணீர் சத்தம் வந்தால் நல்ல ஓடு. சத்தம் அடைத்தது மாதிரி வந்தால் உள்ளே விரிசல். குழந்தைகளுக்குக்கூட ஐந்து நிமிடத்தில் இந்த வேலை பிடிபட்டுவிட்டது. பாதிக்கு மேல் தேறியது. மிச்சத்துக்கு வேறொரு வீட்டைப் பிரிப்பவர்களிடமிருந்து அதே அளவு ஓடு வாங்கினோம். விரிசல் விட்டவற்றை நொறுக்கித் தரைக்கு அடியில் நிரப்பப் போட்டோம்.

கைமரங்களில் மூன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றவை நல்ல உறுதி. ரீப்பர் அடிப்பதற்கு முன், ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் விரித்தோம். இதில் ஒரு விஷயம் முக்கியம், பலர் தவறவிடுகிறார்கள். பளபளப்பான அந்தத் தாள், மேலே பார்த்திருந்தால் சூடான ஓடு வீசும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பியும், கீழே பார்த்திருந்தால் தன் சூட்டைக் கீழே கதிராக அதிகம் வீசாமலும்தான் வேலை செய்கிறது, ஆகவே அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன் இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். அந்தப் பக்கம் எதன் மீதாவது ஒட்டிக் கிடந்தால் சூடு நேராகத் தாளுக்குள் ஏறி மறுபக்கம் வந்துவிடும், காசு வீண். மேல்பக்கம் பளபளப்பாக வைத்தால் தூசி படிந்து மங்கிவிடும் என்று, நாங்கள் பளபளப்பைக் கீழே பார்த்து வைத்து, அதற்குக் கீழே இடைவெளி விட்டு, பழைய கதவுப் பலகைகளால் உட்கூரை அடித்தோம். முகட்டின் இரண்டு முனையிலும் வலை வைத்த துவாரம் விட்டோம். சூடான காற்று மேலே ஏறும், ஏறியதற்குப் போக ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் மதியத்தில் நாற்காலி மேல் ஏறிக் கூரையின் உள்பக்கம் கை வைத்தால் உள்ளங்கை பொறுக்காது. இப்போது உட்கூரைப் பலகையில் கை வைத்து அப்படியே நிற்கலாம்.

குளிர் பிரதேசத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. அங்கே கூரைக்குள் தடிமனாகக் காப்புப் பொருள் நிரப்புவார்கள், அதில் பழைய செய்தித்தாளைத் துருவிச் செய்வதும் ஒன்று. தீயும் பூச்சியும் அண்டாமல் இருக்கப் போரேட் உப்பு சேர்ப்பார்கள், அந்தப் பொருளின் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் பழைய தாள்தான். இந்தக் கடிதம் அச்சாகும் தாளே ஒரு நாள் யாரோ ஒருவரின் கூரைக்குள் போய் அந்த வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சன்னல் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வீட்டில் முதலில் தூக்கி எறியப்படுவது அதுதான். எங்கள் சன்னல்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் "எடுத்துப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் புதிதாக மாட்டுங்கள்" என்றார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தன. தடித்த பச்சை பெயின்ட், கீழ்ச்சட்டம் மக்கி, விரல் வைத்தால் உள்ளே போகும். வந்த தச்சர் ஒன்றும் பேசாமல் ஒரு சிறிய திருப்புளியை எடுத்து, சட்டத்தை மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி நான்கு அங்குலத்தில்தான் திருப்புளி இறங்கியது. "அம்மா, நாலு அங்குலம்தான் போயிருக்கு, மீதிக்கு நம்ம ஆயுசையும் தாண்டி ஆயுசு இருக்கு" என்றார். அந்த நான்கு அங்குலத்தை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அதே சாய்வில் பழைய உத்திரத்திலிருந்து வெட்டிய துண்டை ஒட்டுப் போட்டு, மர ஆணி அடித்து இழைத்துவிட்டார். சாய்வாக வெட்டுவது ஏன் என்று கேட்டேன். நேராக வெட்டினால் மூட்டில் தண்ணீர் தங்கும், சாய்வு என்றால் வழிந்து போகும், ஒட்டும் பரப்பும் அதிகம் என்றார். பெயின்ட்டைச் சுரண்டியபோது உள்ளே தேன் நிறத்தில், ரேகை நெருங்கிய மரம். இன்று கடையில் வாங்கும் மரத்தில் அந்த நெருக்கத்தைப் பார்க்க முடியவில்லை. பல ஆண்டுகள் காய்ந்த மரம் இனி எளிதில் முறுக்காது, வளையாது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரி, காற்றிலிருந்து அந்த மரம் பிடித்து வைத்தது. எரித்தால் அத்தனையும் திரும்பக் காற்றுக்கே போகும், சன்னலாகவே இருந்தால் சன்னலிலேயே இருக்கும்.

ஆனால் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும், இதைத் தயவுசெய்து யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய பெயின்ட்டை 1978-இல் தடை செய்தார்கள், பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் தடை வந்தது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பரவும், நெருப்புக் காட்டிச் சுரண்டினால் ஈயப்புகை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்கு இல்லை. தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், கீழே விரித்த தாளோடு சுருட்டிக் கட்டுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

சன்னலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். காற்று வீசும் நாளில் எல்லாக் கதவையும் மூடிவிட்டு, பத்தியைச் சட்டத்தின் விளிம்போடு மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறினால் சரி. படக்கென்று சாய்ந்தாலோ உள்ளே இழுபட்டாலோ அங்கே இடைவெளி. பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு பஞ்சுப் பட்டை, ரப்பர் பட்டை ஒட்டி அடையுங்கள். ஒற்றைக் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் இரட்டைக் கண்ணாடி விடும், அது உண்மை. நல்ல சட்டத்துக்கு உள்பக்கமாக இரண்டாவதாக ஒரு மெல்லிய கண்ணாடிச் சட்டம் மாட்டியே அந்தப் பலனில் பெரும்பகுதியைப் பெறலாம், அதற்காகச் சன்னலையே பிடுங்க வேண்டியதில்லை. வெயில்தான் பிரச்சினை என்றால் திரைச்சீலை உள்ளே போடுவதைவிட வெளியே நிழல் வேண்டும். வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் சூடும் வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு சீலை அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பும். கழற்றிய பழைய மரச்சட்டங்களை வைத்து மேற்குச் சன்னல்களுக்கு வெளியே சாய்வுப் பலகை அடித்தோம். மாலை வெயில் இப்போது பலகையோடு நின்றுவிடுகிறது.

பழைய சாமான் வாங்குவதில் எங்களுக்குப் பட்டுத் தெரிந்தது சில. சன்னல் கிடைத்த பிறகு சுவரில் திறப்பை வையுங்கள், திறப்பை வைத்துவிட்டு அதற்குச் சரியான பழைய சன்னலைத் தேடி அலையாதீர்கள். பையில் எப்போதும் அளவு நாடாவும் ஒரு காந்தமும் இருக்கட்டும், மரத்துக்குள் மறைந்திருக்கும் ஆணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், இல்லையென்றால் ரம்பத்தின் பல் போய்விடும். மரத்தைத் தட்டும்போது துளையிலிருந்து புதுத் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். செங்கல் வாங்கினால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். அது மண்வெட்டிக் காம்பால் தட்டினாலே காரை உதிர்ந்து முழுசாக வரும். சிமென்ட்டில் கட்டியது வராது, கலவை செங்கல்லைவிட உறுதி என்பதால் செங்கல்தான் உடையும். ஒரு கல்லைக் காயவைத்து எடை பார்த்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி எடை பாருங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் வெளிச்சுவருக்கு வேண்டாம். கான்கிரீட் இடிபாட்டை நொறுக்கினால் தரைக்கு அடியிலும் நடைபாதைக்கு அடியிலும் போட அருமையான ஜல்லி, தூணுக்கும் உத்திரத்துக்கும் மட்டும் சோதிக்காமல் போடாதீர்கள். அலுமினியச் சட்டம் தேவைப்பட்டால் மறுசுழற்சி அலுமினியம் கேட்டு வாங்குங்கள், புது அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் அதற்கு ஐந்து சதவீதம் போல்தான் ஆகிறது.

பின்பக்கம் ஒரு சிறிய அறை சேர்த்தோம். அதற்கு எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் சுவர் எழுப்பினோம். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டுவது. சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இடிந்த கட்டடங்களின் கதவு, சன்னல், ஓடுகளை வைத்தே அழகான வீடுகள் கட்டிய லாரி பேக்கர் இந்தக் கட்டு முறையைப் பரவலாக்கினார். 1917-இல் பிறந்து 2007-இல் மறைந்த அவர் கட்டிய வீடுகளைப் படத்தில் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலையில் துணிச்சலே வந்தது.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய மின்கம்பிகளை ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட்டோம். ரப்பர் உறை பொடிந்து, எர்த் கம்பியே இல்லாமல் இருந்தது. புதுக் கம்பி இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் வைத்தாயிற்று, பழைய செம்பு உருக்கப் போயிற்று. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் தகடு இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது, அதிலிருந்து பறக்கும் நுண்ணிய இழை மூச்சில் போய் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரையே தடை செய்திருக்கின்றன. அதை முறையாகக் கையாளத் தெரிந்தவர்களைக் கொண்டுதான் அகற்ற வேண்டும், மறுபயன்பாடு என்ற பேச்சே அதில் கூடாது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் மின்சாரக் கணக்கைப் பார்த்தோம். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் 90 சதவீதம் போல் வெளிச்சமாகாமல் சூடாகத்தான் போகிறது, வீட்டில் மிச்சமிருந்த இரண்டையும் எல்.இ.டி.யாக மாற்றினோம். 75 வாட் போல் இழுத்துக்கொண்டிருந்த மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வைத்த விசிறிகள். ஏசி வாங்கலாம் என்று முதலில் ஒதுக்கிய பணம் செலவாகவே இல்லை. சோலாருக்கு வந்து அளந்தவர், நாங்கள் ஆரம்பத்தில் கேட்ட அளவில் பாதி போதும் என்றார். வாங்க வேண்டிய பலகையே பாதியாகிவிட்டது, வீட்டைத் திருத்தாமல் முதலிலேயே மாட்டியிருந்தால் அந்த இன்னொரு பாதிக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்போம். பலகையும் அதன் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிலோ வரை வரும், காற்றடித்தால் அதைத் தூக்கவும் பார்க்கும், ஆகவே பழைய கைமரம் தாங்குமா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். நாங்கள் பின்னறையின் மேல்தான் வைத்திருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு கால் பக்கமாவது பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள், ஒட்டுப் போடத் தெரிந்த தச்சர்கள், ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களைத் தேடிப் போய்ப் பேசி, கையால் செய்வதைப் படம் பிடித்துப் போடுங்கள். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் கொத்தனாரைக் கேட்டபோது, கரணையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். கலவை விழவில்லை. "இந்தப் பதம்" என்றார். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, பார்க்க வேண்டும்.

எப்படியும் இடித்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இயந்திரத்தை விடுவதற்கு முன் இரண்டே நாள் கொடுங்கள். கதவு, சன்னல், நிலை, உத்திரம், ஓடு, தரைக்கல் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக அடுக்குங்கள், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுப் பின்னறைக் கதவு அப்படித்தான் வந்தது, யாரோ ஒருவர் உடைக்காமல் கீலோடு கழற்றி வைத்ததால்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

பின்குறிப்பு: சுண்ணாம்பு வேலை பார்க்கிறவர்கள் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் வேலையில் ஒருவருக்குத் தெறித்தது, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருந்ததால் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.